ஐயாயிரத்து எழுநூற்றுப் பதினான்கு ஸ்ட்ரைக்

"ஒத்த ஆளுடா. ஐயாயிரத்து எழுநூத்திப் பதினாலு ஸ்ட்ரைக்."

இதைச் சொல்லிவிட்டு அவர் சாயாவை ஒரு மடக்குக் குடிப்பார். நாம் வாயைப் பிளக்க வேண்டிய இடம் அது. பிளக்காவிட்டால் இன்னொரு தரம் சொல்வார்.

"நம்ம யூனியன் மொத்தமும் சேந்து, நான் பேட்ஜ் வாங்கின நாள்லேருந்து இன்னிக்கு வரைக்கும் முப்பது தாண்டல. வெக்கமா இல்லையா உனக்கு?"

எனக்கு எதற்கு வெட்கம்? நான் யூனியனிலேயே இல்லை. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுமை தூக்குகிறவர்களின் யூனியன் கொட்டகைக்கு நேர் எதிரே போட்டோஸ்டாட் எடுத்துக்கொண்டும் நோட்டீஸ் அச்சடித்துக்கொண்டும் கடை வைத்திருந்தவன். ஆனால் அவர் முன்னால் உட்கார்ந்தால் எல்லோருமே யூனியன்தான். ஒருமுறை என் கடைக்கு ஜாதக நகல் எடுக்க வந்த ஜோசியரையே வெட்கப்பட வைத்து அனுப்பினார்.

ரோடு முழுக்க அவரை இக்கா என்றுதான் கூப்பிடும். இங்கே அண்ணனுக்கு அந்த வார்த்தை. பெயரை நான் எழுதப் போவதில்லை. நோட்டீஸ் அடிக்கும்போது ‘இப்படிக்கு’ என்று கீழே அவர் பெயரைப் போட்டால் பேனாவால் அடித்துவிடுவார். "என் பேரு எதுக்கு? நாளைக்கு நான் இருக்க மாட்டேன், யூனியன் இருக்கும்" என்பார். ராவுத்தர் குடும்பம். வீட்டில் தமிழ், ரோட்டில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் ஒன்றாக. நீலச் சட்டை, மடித்துக் கட்டிய கைலி, தலையில் சுருட்டி வைத்த தோர்த்துத் துண்டு. தலையில் மூட்டை இல்லாத நேரத்திலும் தோர்த்து இறங்காது. "எப்ப மூட்டை வரும்னு யாருக்குடா தெரியும்?"

அந்த ஐயாயிரத்துச் சொச்சம் ஸ்ட்ரைக் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். ஒரு ஹோம்ஸ்டேயின் மாடிப்படியில் இரண்டு பெட்டிகளோடு மூச்சு வாங்கி நின்ற ஒரு வெள்ளைக்காரக் கிழவரைப் பார்த்து மனசு கேட்காமல், பெட்டிகளை இவர் தூக்கி மேலே கொண்டுபோய் வைத்தார். கிழவர் ஏதோ நீட்டினார். இவர் வேண்டாம் என்றார். கிழவர் விடவில்லை. கடைசியில் பையைத் துழாவி ஒரு சின்னப் புத்தகத்தை இவர் கையில் திணித்துவிட்டுப் போனார். அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. மழையில் நனைந்து காய்ந்து பப்படம் மாதிரி இருந்தது. உள்ளே எல்லாம் கேள்வியும் பதிலும். நடுநடுவே படங்கள்.

இக்கா ஏழாம் வகுப்பு. ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டுவார். தெரிந்த வார்த்தை வந்தால் விடமாட்டார். தெரியாத வார்த்தையைச் சேற்றைத் தாண்டுகிற மாதிரி தாண்டிப் போய்விடுவார். அந்தப் புத்தகத்தில் அவருக்குத் தெரிந்த வார்த்தைகள் நிறைய இருந்தன. பக்கத்துக்குப் பக்கம் ஸ்ட்ரைக். ஸ்ட்ரைக்குப் பக்கத்தில் அவுட், அதாவது வேலையை விட்டு வெளியே வந்து பண்ணுகிற ஸ்ட்ரைக். வாக், அதாவது ஜாதா, நடந்து போகிற ஊர்வலம். ஷட் அவுட், அதாவது முதலாளி ஷட்டரை இழுத்துப் பூட்டுவது. ரிலீப் என்றும் சேவ் என்றும் வேறு இருந்தது. வெள்ளம் வந்து முகாம்களில் கிடந்த ஊருக்கு ரிலீப் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். படத்தில் இருந்தவர்கள் எல்லோரும் தொப்பியும் ஒரே மாதிரி உடுப்பும் போட்டு, முதுகில் நம்பரோடு நின்றார்கள்.

"பாத்தியா, பேட்ஜ் நம்பரை முதுகுலயே தைச்சிருக்கான்," என்று என் கவுண்டரில் புத்தகத்தை விரித்தார். "இவன் செய்யுற வேலையைப் பாரு."

படத்தில் ஒருவன் ஒரு காலை இடுப்புக்கு மேலே தூக்கி, உடம்பைப் பின்னால் வளைத்து, எதையோ எறியப் போகிறான்.

"லாரி மேல நின்னு சரக்கை எறியுறவன். இவன் பேரு பிட்சர். எறியல் தொழிலாளி. இந்தக் கீழ குந்தியிருக்கான் பாரு, இவன் பிடிக்குறவன்."

"சரக்கு ரொம்பச் சின்னதா இருக்கே இக்கா?"

"அமெரிக்காவுல தொழிலாளி தலையில நூறு கிலோ ஏத்த முடியுமா? சட்டம் இருக்குடா அங்க."

"இன்னிங்ஸ்னு போட்டிருக்கே. கிரிக்கெட் மாதிரி இல்ல?"

"கிரிக்கெட்ல ரிலீப் உண்டா? ஜாதா உண்டா?" என்று கேட்டார். எங்கள் ரோடு கால்பந்து ரோடு. எனக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

அதிலிருந்து அவருக்கு அமெரிக்காதான். ஒரே எறியல் தொழிலாளி ஐயாயிரத்து எழுநூற்றுப் பதினான்கு ஸ்ட்ரைக்கும், இரண்டாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து ஜாதாவும் நடத்தியிருக்கிறான் என்று கண்டுபிடித்த அன்று, அவர் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை. இன்னொருவன் ரிலீப் வேலையில் அறுநூற்று ஐம்பத்திரண்டு சேவ். "அத்தனை உசிரைக் காப்பாத்தியிருக்கான். இங்க வெள்ளத்துல ரெண்டு பேரைத் தூக்கினவன் பேப்பர்ல போட்டோ கேக்குறான்." அவர் சம்சாரம் என் கடைக்கு ரேஷன் கார்டு நகல் எடுக்க வரும்போது சொல்வார்: "எங்க ஆளுக்கு அமெரிக்காவுல இன்னொரு குடும்பம் இருக்கு, கேட்டியா. எல்லாம் ஆம்பளைங்க. அதனால நான் ஒண்ணும் பேசுறதில்ல."

இவ்வளவும் சாயாக்கடைப் பேச்சோடு நின்றிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். நிற்கவில்லை.

அந்த ஐயாயிரத்துச் சொச்சக்காரன் செய்த ஸ்ட்ரைக்குகளைப் பற்றி இன்னொரு கேள்வியும் பதிலும் இருந்தது. அவன் பெயரில் ஏழு ‘நோ ஹிட்டர்’. அதுவும் ஒரு பெரிய சாதனை என்று போட்டிருந்தது. ஹிட் என்றால் அடி. நோ ஹிட் என்றால் அடி இல்லை. இக்கா ராத்திரியும் பகலுமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"ஐயாயிரத்து எழுநூத்திப் பதினாலுல ஏழே ஏழுதான் அடிதடி இல்லாம முடிஞ்சிருக்கு. அதுக்கே அவனைத் தலையில வச்சு ஆடுறாங்க. அப்ப நம்ம ஒவ்வொண்ணையும் அடி விழாம நடத்தினா?"

இது சும்மா கேள்வி இல்லை. அதற்கு முன்னால் எங்கள் ரோட்டில் ஸ்ட்ரைக் என்றால் யாராவது ஒருவருக்கு மண்டை உடையும். உடைக்கிறவர்களில் இக்காவும் உண்டு. அந்த மாசமே ஸ்ட்ரைக் நடந்த ஒரு சுக்குக் கிடங்கில் வெளியாட்களைக் கொண்டுவந்து லாரியிலிருந்து சரக்கை இறக்கினார்கள். ஆட்கள் கொக்கியைக் கையில் எடுத்துவிட்டார்கள். சப் இன்ஸ்பெக்டர் ஜீப்பை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருந்தார். இக்கா ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் ஏறினார்.

"எவன் கையாவது எவன் மேலயாவது பட்டுச்சு, இந்த ஸ்ட்ரைக் கணக்குல வராது! கேட்டீங்களா? ஒரு அடி, ஒரே ஒரு அடி, எல்லாம் பாழ்!"

எந்தக் கணக்கு என்று யாருக்கும் புரியவில்லை. ஆனால் அவர் குரலில் இருந்த பதற்றம் எல்லோரையும் தொற்றிக்கொண்டது. வெளியாள் ஒருவன் தடுமாறி எங்கள் ஆள் மேல் இடித்தபோது எங்கள் ஆளே, "படல, படல, வெறும் காத்து!" என்று கத்தினான். சாயங்காலம் இரு பக்கமும் ஒரே பாத்திரத்துச் சாயாவைக் குடித்தது. சப் இன்ஸ்பெக்டர் என் கடையில் வந்து உட்கார்ந்து, "இவருக்கு என்ன ஆச்சு? ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தாரா?" என்று கேட்டார்.

"இல்ல சார். புத்தகம் படிக்கிறார்."

கையுறை விவகாரம் அதற்கு அடுத்தது. படங்களில் எல்லா எறியல் தொழிலாளிக்கும் ஒரு கையில் மட்டும் தோல் உறை இருந்தது. இக்கா வர்த்தகர்களிடம் மனு கொடுத்தார். ஆளுக்கு ஒற்றைக் கையுறை வேண்டும் என்று. அவர்கள் சிரித்துக்கொண்டு ஜோடி ஜோடியாக வாங்கி அனுப்பினார்கள். இக்கா ஜோடியைப் பிரித்தார். பாதிப் பேருக்கு வலது கை, பாதிப் பேருக்கு இடது கை. "ரெண்டு கைக்கும் போட்டா சரக்கு எப்படிடா தெரியும் கைக்கு? அமெரிக்காக்காரன் முட்டாளா?" மூன்று மாசம் எங்கள் ரோட்டில் ஒரு மூட்டையைத் தூக்க வலது உறைக்காரனும் இடது உறைக்காரனும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. அது வேலையைச் சுலபமாக்கியது என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மிளகு ஏற்றுமதிக்காரர் ஒருவரோடு பேச்சுவார்த்தை இழுத்தடித்தபோது, இருபத்தாறு இன்னிங்ஸ் வரை இரண்டு பக்கத்திலும் ஆள் மாறாமல் எறிந்து, ஒன்றுக்கு ஒன்று என்று நின்று, இருட்டிவிட்டதால் எழுந்து போன இரண்டு பேரின் கதையைச் சொன்னார். இவர் கணக்கில் அது இருபத்தாறு சுற்றுப் பேச்சுவார்த்தை. "நான் இருபத்தேழுக்குத் தயார். நீங்க?" ஏற்றுமதிக்காரருக்குச் சர்க்கரை வியாதி. நாலாவது சுற்றிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்.

காலைத் தூக்கி நிற்கிற அந்த ஐயாயிரத்துச் சொச்சக்காரனின் படத்தை என்னிடம் கொடுத்துப் பெரிதாக்கச் சொல்லி, கொட்டகைச் சுவரில் தலைவர்கள் வரிசையில் மாட்டினார். மே தினத்தன்று எல்லாப் படத்துக்கும் மாலை போட்டபோது அதற்கும் ஒன்று.

மாலை வாடுவதற்குள் விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. பாஸ்போர்ட் நகல் எடுக்க வந்த ஒரு அமெரிக்கர், எதிரே கொட்டகையைப் பார்த்தபடியே நின்றார். முகம் கறுத்துவிட்டது.

"அவர் இறந்துவிட்டாரா? எப்போது?"

"யார் சார்?"

மாலை போட்ட படத்தைக் காட்டினார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அவர் எங்களுக்குப் பெரிய ஸ்ட்ரைக் தலைவர், ஐயாயிரத்துக்கும் மேலே செய்திருக்கிறார், அதனால் மரியாதை என்று சொன்னேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். அவர் ஒரு காகிதத்தில் வைரம் போல ஒரு கட்டம் வரைந்து, பந்து, மட்டை, எறிகிறவன், அடிக்கிறவன் என்று எல்லாவற்றையும் விளக்கினார். பேஸ்பால். மட்டைக்காரன் பந்தை அடிக்க முடியாமல் விட்டால் அது ஒரு ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட்.

அவர் போன பிறகு அந்தக் காகிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன். எதிரே இக்கா தொழிலாளிகளுக்கு ரிலீப் பற்றி வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சுக்குக் கிடங்கு நாளுக்குப் பிறகு ஒரு மண்டையும் உடையாத ரோடு அது. யாருக்கும் அடி விழாமல் நடக்கிற ஒரு தப்பைத் திருத்த எனக்கு நாக்கு எழவில்லை. ஏழெட்டு மாசம் அப்படியே போனது.

அதற்குள் மைதீன் விவகாரம் வந்துவிட்டது.

மைதீன் யூனியனில் இருந்த சாதுவான ஆள். ஆனால் அவன் உள்ளங்கை வேர்க்கும். சாதாரணமாக இல்லை, குழாய் மாதிரி. சாக்கு மூட்டை வேர்வையை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் பல வருஷம் தெரியவில்லை. ரோட்டில் கிடங்குகள் மூடி ஓட்டல்கள் வர ஆரம்பித்ததும் சரக்கு வழவழப்பாகிவிட்டது. முதலில் ஒரு தொங்குவிளக்கு கையைவிட்டுப் போனது. பிறகு ஆளுயரக் கண்ணாடி. இக்கா புத்தகத்தில் பார்த்தார். எறியல் தொழிலாளிகள் கை வழுக்காமல் இருக்க ஒரு பையில் பிசின் பொடி வைத்துத் தடவிக்கொள்கிறார்கள். இக்காவுக்குத் தெரிந்த பிசின் குந்திரிக்கம்தான். அதை இடித்து ஒரு துணிப்பையில் போட்டு மைதீன் இடுப்பில் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு மைதீன் எங்கே போனாலும் சர்ச்சில் பூசை நடக்கிற வாசனை வந்தது. வழுக்குவது மட்டும் நிற்கவில்லை.

மூன்றாவது, குளியல் தொட்டி. கொட்டகைக்கு எதிரே, என் கடைக்குப் பக்கத்தில் புதிதாக வந்த ஓட்டலுக்கு வந்தது. ஃபைபர் தொட்டி, கனமில்லை. மைதீன் தனியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு படகுத்துறை ஓரமாகப் போனான். கை வழுக்கியது. தொட்டி படிக்கட்டில் சறுக்கிக் காயலில் இறங்கி, நிமிர்ந்து, மிதந்தது. கடல் ஏறுகிற நேரம். தண்ணீர் தெற்கே போய்க்கொண்டிருந்தது. தொட்டியும் போனது. மைதீன் கரையோரமாக அதைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினான். மறுநாள் தோப்பும்படி துறைமுகத்திலிருந்து மீன்காரர்கள் அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். கீறல்கூட இல்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க அதில் ஐஸ் போட்டு அயிலை மீன் வைத்திருந்திருக்கிறார்கள்.

ஓட்டல் மேனேஜர் புகார் எழுதினார். மூன்று புகார் சேர்ந்துவிட்டதால் மைதீனின் பேட்ஜை எடுப்பதா வேண்டாமா என்று களமசேரிப் பக்கம் இருந்த லேபர் ஆபீசில் விசாரணை. பேட்ஜ் போனால் எங்கள் ரோட்டில் அவன் ஒரு தீப்பெட்டிக் கட்டைக்கூடத் தூக்க முடியாது. அவனுக்கு வேறு வேலையும் தெரியாது. மனுவை இக்கா சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். அமெரிக்கா வந்த இடத்தையெல்லாம் சத்தமில்லாமல் விட்டுவிட்டேன். ஆனால் அவர் வாய் அவரோடு வருமே. பயந்துபோய் நானும் கூடவே போனேன்.

ஆபீசர் ஒரு அம்மா. கண்ணாடிக்கு மேலே பார்க்கிற ஆள். மேனேஜர் இளைஞர், வெளிநாட்டில் படித்தவர், புகார்களை வரிசையாகப் படித்தார். மைதீன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்து நின்றான். அறை முழுக்கக் குந்திரிக்க வாசனை.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று ஆபீசர் மலையாளத்தில் கேட்டார்.

இக்கா தோர்த்தைத் தலையிலிருந்து எடுத்தார். அவர் அதை எடுத்து அன்றுதான் பார்த்தேன்.

"மேடம், அமெரிக்காவுல ஒரு எறியல் தொழிலாளி இருந்தான். ஐநூத்திப் பதினோரு ஜெயம். இன்னிக்கு வரைக்கும் யாரும் தாண்டல. அதே ஆளு முந்நூத்திப் பதினஞ்சு தோல்வி. அதையும் யாரும் தாண்டல. அதிகம் ஜெயிச்சவனும் அவன், அதிகம் தோத்தவனும் அவன். நிறைய தூக்குறவன் கையிலதான் நிறைய விழும். நம்ம மைதீன் மூணுதான் மேடம்."

ஆபீசருக்குப் புரியவில்லை என்றாலும் எழுத ஆரம்பித்தார். அப்போது மேனேஜர் சிரித்துவிட்டார்.

"மேடம், இது பேஸ்பால். விளையாட்டு. இவர் சொல்றது தொழிலாளி இல்ல, விளையாட்டுக்காரன். அந்த விளையாட்டோட சட்டத்தையே நான் சொல்றேன். மூணு ஸ்ட்ரைக், ஆள் அவுட்."

மேலே மின்விசிறி கடகடத்தது. இக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"டா. விளையாட்டா?"

"ஆமா இக்கா."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. தோர்த்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மைதீன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விளையாட்டும் தெரியாது, அமெரிக்காவும் தெரியாது. இக்கா பேசுவதை நிறுத்திவிட்டால் தன் கதை முடிந்தது என்று மட்டும் தெரியும்.

"நீ எனக்குச் சொல்லு," என்றார் இக்கா என்னிடம், ஆபீசர் அங்கே இருப்பதையே மறந்த மாதிரி. "அந்த முந்நூத்திப் பதினஞ்சு தோல்வி நிசமா?"

"நிசம் இக்கா. நான் போன்ல தேடிப் பாத்தேன்."

"அத்தனை தோத்ததுக்கு அவனை என்ன செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யல. வருசா வருசம் நல்லா எறியுறவனுக்கு ஒரு பரிசு கொடுக்குறாங்க. அந்தப் பரிசுக்கு அவன் பேரைத்தான் வச்சிருக்காங்க."

இக்கா ஆபீசர் பக்கம் திரும்பினார்.

"கேட்டீங்களா மேடம். வெறும் விளையாட்டு. பந்து எறியுறது. அதுக்கே ஒரு ஆளை முந்நூத்திப் பதினஞ்சு தடவை பொறுத்துக்கிட்டாங்க. இவன் சோத்துக்குத் தூக்குறவன். மூணுல போகச் சொல்றீங்க."

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். மேனேஜரைப் பார்த்தார்.

"அந்த மூணு ஸ்ட்ரைக் ஆகி அவுட்டானவன், பிறகு என்ன செய்வான்?"

"போய் உட்காருவான் மேடம்."

"எங்க, வீட்டுலயா?"

"இல்ல. அங்கேயே. பெஞ்சுல."

"பெஞ்சுல எவ்வளவு நேரம்?"

மேனேஜர் நெளிந்தார். "அவனோட முறை வர்ற வரைக்கும்."

"முறை வந்தா?"

"திரும்ப... திரும்ப வருவான்."

ஆபீசர் ஒரு மாதிரி தலையாட்டிவிட்டு எழுதினார். மைதீனின் பேட்ஜ் அவனிடமே இருக்கும். ஆனால் இது கடைசி எச்சரிக்கை. நாலாவதாக ஒன்று, எதுவாக இருந்தாலும், அவன் கையைவிட்டு விழுந்ததாகப் புகார் வந்தால் விசாரணையே கிடையாது, பேட்ஜ் ரத்து.

பஸ்ஸில் மைதீன் பின்னால் தூங்கிவிட்டான். இக்கா ஜன்னலோரம். தோர்த்து மடியில் கிடந்தது. இடப்பள்ளி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"மே மாசத்துலேருந்து."

"ம். மாலை போட்டப்ப சிரிச்சியா?"

"இல்ல இக்கா."

"அப்ப அவன் யாருக்காகவும் ஸ்ட்ரைக் பண்ணலையா? ஐயாயிரத்துல ஒண்ணு கூடவா?"

நான் கடையில் எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். பரீட்சையில் போனவர்களுக்கு, விசா கிடைக்காதவர்களுக்கு. இதற்கு என்ன சொல்வது? போனை எடுத்துத் தேடினேன். வேறு எதற்கு இருக்கிறது அந்தச் சனியன். கலூர் வரும்போது கிடைத்தது.

"இக்கா, ஒண்ணு பண்ணியிருக்காங்க. நிசமான ஸ்ட்ரைக். எறியுறவன், பிடிக்குறவன், அடிக்குறவன், எல்லாரும் சேந்து. மாசக்கணக்குல. அந்த வருசம் பைனலே நடக்கல."

நிமிர்ந்தார். "எதுக்கு?"

"சம்பளம் இவ்வளவுக்கு மேல போகக் கூடாதுன்னு முதலாளிங்க வரம்பு வைக்கப் பார்த்திருக்காங்க."

"வச்சாங்களா?"

"முடியல."

"அடி?"

"ஒண்ணும் போடல இதுல. விழல போல."

அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வருவதை நான் பார்த்தேன். பிறகு சந்தேகத்தோடு, "அவங்க சம்பளம் எவ்வளவு இருக்கும்?" என்றார். சொன்னேன். நம்ம பஜார் ரோட்டை இரண்டு முனையும் சேர்த்து வாங்கலாம் என்றேன். பஸ் எறணாகுளத்தின் நெரிசலில் நின்று நின்று போனது. அவர் கண்ணை மூடி யோசித்தார். தேவரா வந்ததும் கண்ணைத் திறந்தார்.

"இருக்கட்டும். கோடீஸ்வரனா இருந்தா என்ன? தொழிலாளி தொழிலாளிதான்."

தோர்த்தைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை என் கடை ஷட்டர் பாதி ஏறும்போதே உள்ளே குனிந்து வந்துவிட்டார். பலகை எழுத வேண்டும். துணி இல்லை, மரச்சட்டம் அடித்த பெரிய பலகை. மலையாளத்தில் ஒரே வரி: ‘அமெரிக்காவின் எறியல் தொழிலாளிகளுக்கு அபிவாத்யங்கள்.’ அதாவது வாழ்த்துகள்.

"இக்கா, அவங்க ஸ்ட்ரைக் முடிஞ்சு எத்தனையோ வருசமாச்சு."

"நமக்கு நேத்துதானே தெரிஞ்சது."

மூன்று மணிக்குப் பலகையைக் கொட்டகை முகப்பில் கட்டினார்கள். கட்டுவதற்கு மைதீன்தான் ஏணியில் ஏறுவேன் என்று அடம்பிடித்தான். நன்றி சொல்ல அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. ரோடே வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தது. எதிர் ஓட்டலின் வாசலில் மேனேஜரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இக்கா ஏணிக்கு அடியில் நின்று, "இடது பக்கம் ஏத்து, இன்னும், இன்னும்" என்று கையைக் காட்டினார்.

நல்ல வெயில். மைதீனின் கைகள் மின்னுவது கீழேயிருந்தே தெரிந்தது.

பலகை முதலில் ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு சத்தமில்லாமல் வழுக்கி, நேராக, மொத்தமாக இக்காவின் மேல் விழுந்தது.

மைதீன் ஏணியின் உச்சியில் இரண்டு வெறுங்கையோடு நின்றான். பலகைக்கு அடியில் கைலியின் ஓரமும் ஒரு செருப்பும் மட்டும் தெரிந்தன. பிறகு பலகை ஒரு சாண் உயர்ந்தது. உள்ளேயிருந்து இக்காவின் குரல் வந்தது.

"யாராவது ஏதாவது பாத்தீங்களா?"

"இல்ல இக்கா!" என்றது ரோடு, ஒரே குரலில். என் குரலும் அதில் உண்டு.

"எதிர்ல?"

எல்லோரும் ஓட்டல் வாசலைப் பார்த்தோம். மேனேஜர் கட்டியிருந்த கையைப் பிரித்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, காயல் பக்கமாகப் பார்த்தபடி, "இங்க ஒண்ணும் தெரியல" என்றார்.